நீர்மூழ்கியிலிருந்து என்னைத் தூக்கிய மாப்பிள்ளை

ஓமலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நான் மோட்டார் ரிப்பேர்க் கடை வைத்திருந்த காலத்தில், கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் மோட்டாரைக் காட்ட வரவில்லை. என் இடது காலைப் பார்க்க வந்தார்கள். கிணற்றுக்குக் கிணறு கரண்டு வந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. உள்ளே சுற்றிய காயில் கம்பி எரிந்த மோட்டாரை மாட்டு வண்டியில் போட்டுக்கொண்டு வருகிறவர், அதை இறக்கி வைத்த கையோடு நான் எழுந்து நடக்கிறேனா என்று காத்திருப்பார். நான் ஸ்பானரை எடுக்க நொண்டிக்கொண்டு போனதும், "இவருதானுங்களா அவரு?" என்று பெஞ்சில் இருப்பவரிடம் கேட்பார். பெஞ்சில் இருப்பவர் என் தங்கை புருஷன். "அவரேதானுங்க" என்று ஆரம்பித்துவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர் சொல்லும் கதை இதுதான். யுத்தத்தில் மூழ்கிப்போன நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று கடலுக்கு அடியில் கிடந்தது. மச்சான் செம்புத் தொப்பி மாட்டிக்கொண்டு அதற்குள் இறங்கினார். உள்ளே செத்துக் கிடந்த சிப்பாய்களில் ஒருவன் மச்சானின் காலைப் பிடித்துக்கொண்டான். மச்சான் கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தார். மேலே படகில் கயிறு பிடித்து நின்றது யார்? இவர்தான். ஒரே மூச்சில் தூக்கிப் போட்டார். சிப்பாய் பிடித்த அந்தக் கால்தான் இன்னும் விந்துகிறது. "நான் மட்டும் அன்னைக்கு அசந்திருந்தா மச்சானை மீனு தின்னிருக்கும் சாமி" என்று முடிப்பார். இந்தச் சிப்பாய் பிறகு வந்து சேர்ந்தவன். முதல் வருஷத்துக் கதையில் அவன் கிடையாது. கப்பலும் வருஷத்துக்கு வருஷம் நீண்டு, ஓமலூர் ரயில்வே ஸ்டேஷன் பிளாட்பாரத்தைத் தாண்டிப் போய்விட்டது.

உண்மை என்னவென்றால், என் காலைக் கெடுத்தவரே அவர்தான். பத்து வருஷத்துக்கு மேல் இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. வேலை வெட்டி இல்லாத நேரத்தில் அவர் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து என் உயிரைக் காப்பாற்றிய கதையைச் சொல்ல, நான் என் கையால் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சொல்லாததற்குக் காரணம் என் தங்கை. பெண் கொடுத்த வீட்டுக்காரர்கள் மாப்பிள்ளையிடம் குரலைத் தாழ்த்தித்தான் பேச வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம். கிறிஸ்தவ வேதக்காரர்கள் ஆகி நாலு தலைமுறை ஆகியும் அந்தச் சட்டம் எங்களை விடவில்லை. மாப்பிள்ளை குழம்பில் உப்பில்லை என்றால் உப்பில்லைதான். அவர் செய்த தப்பை மூடி மறைப்பதும் நம் வேலை. "உங்களால்தான் நான் நொண்டி ஆனேன்" என்று நான் ஒரு வார்த்தை விட்டால், தாரமங்கலத்துக்குப் பக்கத்தில் அவர் வீட்டில் மூன்று குழந்தைகளோடு இருந்த என் தங்கை அதற்கு தினமும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அவள் மாமியார் ஒரு சொல்லைப் பத்து நாள் அரைக்கிற ஆள். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

கடலே பார்க்காத ஊர்க்காரன் கடலடிக்குப் போனது எப்படி என்று கேட்பார்கள். கிணறுதான் காரணம். எங்கள் பக்கத்துக் கிணறுகள் பாறையை உடைத்து இறக்கியவை. நல்ல மழை வருஷத்தில் முப்பது நாற்பது அடித் தண்ணீர் நிற்கும். குடம் விழுந்தாலும் உருளை விழுந்தாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு போய் எடுத்து வருகிற ஆள் நான். யுத்தம் முடிகிற சமயத்தில் துறைமுகத்தில் கூலி வேலைக்குப் போனேன். அங்கே படகிலிருந்து விழுந்த ஒரு சங்கிலியை நான் முங்கி எடுத்ததைப் பார்த்த மேஸ்திரி ஒருவர், முத்துக்குளிக்கிற ஊர்க்காரனா என்று கேட்டார். சேலம் ஜில்லா என்றேன். அவர் சிரித்த சிரிப்பு இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனாலும் சேர்த்துக்கொண்டார். மூன்று வருஷத்தில் செம்புத் தொப்பி, ரப்பர் உடை, ஈய பூட்ஸ் எல்லாம் போட்டு இறங்குகிற ஆள் ஆனேன்.

ஐம்பதுகளின் நடுவில் மூழ்கிய கப்பல்களைக் குத்தகை எடுத்து உலோகத்தை விற்கிற எங்கள் குத்தகைக்காரருக்கு அந்த நீர்மூழ்கி கிடைத்தது. எந்தக் கடலில், எந்த நாட்டுக் கப்பல் என்பதை வெளியே சொல்லக் கூடாது என்று அவர் எங்களிடம் அடித்துச் சொல்லியிருந்தார். பழக்கதோஷம், நானும் சொல்லாமல் விடுகிறேன். கரையிலிருந்து மோட்டார் படகில் மூன்று மணி நேரம். நூற்று நாற்பது அடி ஆழம். அதுவரை நான் இறங்கிய எந்த ஆழத்தையும்விட அது அதிகம். அதன் வாலில் இருந்த இரண்டு வெண்கல விசிறிகள்தான் எங்களுக்கு வேண்டும். கப்பலைத் தள்ளிக்கொண்டு போகிற அந்த விசிறிகள் ஒவ்வொன்றும் வண்டிச் சக்கரத்தைவிடப் பெரியது. அதைச் சுற்றி இரும்பு வடத்தைக் கட்டிக் கொடுத்தால், மற்றதை மேலே உள்ள கப்பி பார்த்துக்கொள்ளும்.

கேட்க எளிதாக இருக்கிறது இல்லையா? ஒரு தடவை இறங்கினால் அடியில் இருபது நிமிஷம்தான் இருக்கலாம். முதல் தடவை கப்பலையே காணவில்லை. சேற்றில் சுற்றிவிட்டு ஏறினேன். இரண்டாவது தடவை அது கிடைத்தது, ஆனால் மூக்குப் பக்கம். மூன்றாவது தடவை வால் பக்கம் போய்ச் சேர்ந்தபோது அது முழுவதும் அறுந்த மீன்வலை. வெட்டி எடுக்கவே நாலு இறக்கம் ஆனது. வலையை வெட்டி முடித்தால் நீரோட்டம் திரும்பிவிட்டது, வடம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வடத்தைப் பிடித்து விசிறிக்குள் நுழைத்தால் கொக்கி அளவு பொருந்தவில்லை. மேலே வந்து கொக்கி தப்பு என்று சொன்னால், குத்தகைக்காரர் நான் தப்பு என்றார். இரண்டு வாரம் இப்படியே போனது. எனக்கு அந்தக் கப்பல் மீது வந்த கோபம் மனிதர்கள் மீதுகூட வந்ததில்லை.

அது ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. உடம்பெல்லாம் சிப்பி ஏறிக் கருங்கல் பாறை மாதிரி இருந்தது. நடுவில் இருந்த கோபுரத்தின் மேல் மூடி திறந்து கிடந்தது. ஒரு நாள் வழி தவறி அந்தப் பக்கம் போனவன் குனிந்து பார்த்தேன். ஏணியின் முதல் இரண்டு படிகள் தெரிந்தன, அதற்குக் கீழே இருட்டு. படியில் ஒரு பூட்ஸ் கிடந்தது. ஒற்றைக் கால் பூட்ஸ். சிலுவை போட்டுக்கொள்ளக் கையைத் தூக்கினேன். நெற்றி எங்கே இருக்கிறது, தொப்பிக்குள் அல்லவா இருக்கிறது. செம்பின் மேல் டங் டங் என்று தட்டிவிட்டு வந்தேன். உள்ளே நான் ஒரு நாளும் போகவில்லை. மாப்பிள்ளை கதையில்தான் நான் உள்ளே போய் சிப்பாயோடு மல்லுக்கட்டினேன்.

அவர் அங்கே வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். அவர்கள் கிணறு வெட்டுகிற குடும்பம். மாப்பிள்ளை மேலே நின்று கயிறு பிடிக்கிற ஆள். கீழே வேட்டு வைத்துப் பாறை உடைக்கிறவனின் உயிர், மேலே கயிறு பிடிக்கிறவன் கையில். சுற்று வட்டாரத்தில் அவர் கயிறு என்றால் இறங்குகிறவன் கவலைப்பட மாட்டான். அந்த வருஷம் கிணற்று வேலை படுத்துவிட்டது. தங்கைக்கு அப்போது தலைப்பிள்ளை வயிற்றில். "அவுங்க சும்மா உக்காந்திருக்காங்கண்ணா" என்று ஒரு வரி கடிதத்தில் எழுதியிருந்தாள். எங்கள் படகில் கயிறு பிடிக்க ஓர் ஆள் தேவையாக இருந்தது. கயிறு பிடிப்பதில் இவரைவிட ஆள் உண்டா? வரச் சொன்னேன்.

கடலில் ஏறுவது கிணற்றில் ஏறுவது போல அல்ல. ஆழத்தில் நாம் மூச்சு விடுகிற காற்று ரத்தத்தில் கரைந்து நிற்கும். ஏறும்போது நடுவில் மூன்று இடங்களில் நிறுத்தி, கயிற்றில் தொங்கிக்கொண்டு, சும்மா காத்திருக்க வேண்டும். காற்று மெல்ல மெல்ல வெளியே போகும். நிறுத்தாமல் ஏறினால், கோலி சோடாவை உடைத்த மாதிரி ரத்தம் நுரைத்துவிடும். சில பேர் படகிலேயே செத்துப் போவார்கள். கயிற்றின் பேச்சும் வேறு. கீழே இருப்பவன் ஒரு இழுப்பு இழுத்தால், நலமாக இருக்கிறேன் என்று அர்த்தம். நாலு இழுப்பு என்றால் தூக்கு.

கிணற்றில் ஒரு இழுப்புதான் தூக்கு. விஷக்காற்றில் மாட்டிக்கொண்டவனுக்கு இரண்டாவது தடவை இழுக்கத் தெம்பு இருக்காது, அதனால் அப்படி வைத்திருக்கிறார்கள். ஒரு இழுப்பு வந்தால் ஏன் எதற்கு என்று கேட்காமல் தூக்க வேண்டும். மாப்பிள்ளையின் கை பத்து வயதிலிருந்து அப்படிப் பழகிய கை. இது எனக்குத் தெரியும். நானும் அந்த ஊர்க்காரன்தானே.

அவர் வந்த மறுநாளே வடம் கடைசியாக மாட்டியது. கொக்கி சரியாகப் பொருந்தி, நான் அதைக் குலுக்கிப் பார்த்து, நெஞ்சு நிறைய சந்தோஷத்தோடு மேலே ஏற ஆரம்பித்தேன். நாற்பது அடியில் மேஸ்திரி நிறுத்தினார். கயிற்றில் தொங்கினேன். அந்த நேரம் பார்த்துக் காற்றடிக்கிற பம்பின் சக்கரம் ஒன்று முறுக்கிக்கொண்டது. மேஸ்திரி அதைப் பார்க்கப் படகின் அந்தக் கோடிக்குப் போனார். கயிற்றில் மாப்பிள்ளை மட்டும். கயிறு ஆடாமல் அசையாமல் நிற்கிறது. அவருக்குப் பதறிவிட்டது. நான் கீழே இருந்து, எல்லாம் நலம் என்று, ஒரு இழுப்பு கொடுத்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை எனக்கு மற்றவர்கள் சொன்னார்கள். மூன்று ஆள் தூக்குகிற பாரத்தை அவர் ஒருவரே தூக்கினாராம். என்னைப் படகில் போட்டுத் தொப்பியைக் கழற்றும்போது நான் அவரைப் பார்த்துச் சிரித்தேனாம். பத்து நிமிஷத்தில் இடுப்பில் வலி வந்தது. அப்படி ஒரு வலியை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. இதற்கு ஒரே வைத்தியம், மறுபடியும் தொப்பியை மாட்டித் தண்ணீருக்குள் இறக்கி, முறைப்படி ஏற்றுவதுதான். மேஸ்திரி என்னை இறக்கப் போனார். மாப்பிள்ளை விடுவாரா? தூக்கிய ஆளை மறுபடியும் முக்கிக் கொல்லப் பார்க்கிறான் என்று அவர் மேஸ்திரியைப் பிடித்து அடித்துவிட்டார். நாலு பேர் சேர்ந்து அவரைக் கட்டிப் போட்டுவிட்டு என்னை இறக்குவதற்குள் அரை மணி நேரம் போய்விட்டது. எங்களோடு தமிழ் பேசுகிற மேஸ்திரி, கோபத்தில் திட்டியதெல்லாம் அவர் பாஷையில். மாப்பிள்ளைக்கு ஒரு சொல் புரியவில்லை. அன்று சாயங்காலமே அவரைக் கரைக்கு அனுப்பி, ரயில் ஏற்றிவிட்டார்கள்.

உயிர் பிழைத்தது. இடது இடுப்பு பிழைக்கவில்லை. விசிறியை நான் மாட்டிய கொக்கியில் வேறு ஒருவன் மேலே ஏற்றினான். நான் ஆறு மாதம் ஊரில் படுத்துக் கிடந்துவிட்டு, ஒருவரிடம் மோட்டார்க் காயில் சுற்றக் கற்றுக்கொண்டு, கடை போட்டேன்.

நான் ஊருக்கு வருவதற்கு முன்பே மாப்பிள்ளையின் கதை வந்து சேர்ந்துவிட்டது. எங்கள் பங்குச் சாமியார் ஒரு ஞாயிறு பூசையில், பள்ளத்தில் விழுந்தவனைக் கைவிடாத உறவைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். பெயர் சொல்லவில்லையே தவிர, கடல், கயிறு, மாப்பிள்ளை எல்லாம் வந்தது. கோயிலில் எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது. மாதா திருவிழாவில் சப்பரம் தூக்க முன் தண்டு அவருக்குத்தான் கொடுத்தார்கள். நான் ஓரமாகக் குச்சியை ஊன்றிக்கொண்டு நின்றேன். தங்கை முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து, வாய் வரை வந்ததை விழுங்கினேன். அப்படி விழுங்கி விழுங்கி எனக்கு வயிற்றுக் கோளாறே வந்திருக்க வேண்டும்.

எரிச்சல் அதிகமானது அவர் நல்லவர் என்பதால்தான். கெட்டவர் என்றால் வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம். மழை நாளில் என் கடைக்குக் கீற்று போட்டுக் கொடுத்தவர் அவர். என்னால் தூக்க முடியாத மோட்டாரைத் தூக்கி வைக்கத் தாரமங்கலத்திலிருந்து சைக்கிளில் வருவார். தூக்கி வைத்துவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, வந்தவரிடம் கதையை ஆரம்பிப்பார். இப்படிப்பட்டவரை என்ன செய்வது?

அறுபதுகளில் இடுப்பு மோசமானது. உட்கார்ந்தால் எழ முடியவில்லை. சேலத்து ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று மாப்பிள்ளைதான் பிடிவாதம் பிடித்து அழைத்துப் போனார். எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் பட்டாளத்திலிருந்து வந்தவர், சின்ன வயசு. படத்தை வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டார்.

"மோட்டார் ரிப்பேர்."

"அதுக்கு முன்னாடி?"

நான் பதில் சொல்வதற்குள் மாப்பிள்ளை முந்திக்கொண்டார். "கடலுக்குள்ள இறங்குறவருங்க. நீர்மூழ்கிக் கப்பலு. சாவக் கெடந்தாருங்க."

டாக்டர் தலையை ஆட்டினார். "அதான் பார்த்தேன். இந்த எலும்போட தலை செத்துப்போயிருக்கு. நடுவுல நிறுத்தாம, ஒரேயடியா மேலே தூக்கினா இப்படி ஆகும். எந்த முட்டாள் தூக்கினான்?"

"மாப்பிள்ளை, நீங்க வெளியில இருங்க" என்றேன். அவர் அசையவில்லை. டாக்டர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாந்தானுங்க" என்றார்.

டாக்டருக்குச் சங்கடமாகிவிட்டது. தெரியாமல் செய்தது, அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது என்று என்னென்னவோ சொன்னார். மாப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றுக்கும் "செரிங்க" என்றார். மருந்துச் சீட்டை வாங்கி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, என் தோளைப் பிடித்துப் படி இறக்கினார்.

பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். கருப்பூர் தாண்டும்வரை மருந்துச் சீட்டை விரிப்பதும் மடிப்பதுமாக இருந்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். நானாகச் சொல்லவில்லை. டாக்டர் சொன்னார். தங்கை மேல் பழி வராது. இத்தனை வருஷம் விழுங்கியதற்கு இன்றைக்காவது ஒரு முடிவு வந்ததே என்று இருந்தது.

"மச்சான், உங்களுக்கு இது அப்பவே தெரியுங்களா?"

"தெரியுங்க."

"இத்தனை வருசமா நான் சொல்றதக் கேட்டுட்டு உக்காந்திருந்தீங்க."

நான் டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அவரே தொடர்ந்தார்.

"எங்கப்பன் கெணத்துல போனப்ப கயிறு அப்படித்தானுங்க நின்னுச்சு. ஆடாம அசையாம. நான் சின்னவன், மேல நின்னு பாத்துட்டு இருந்தேன். ஏதோ வேலையா இருக்காருன்னு உட்டுட்டாங்க. அரை மணி கழிச்சுத் தூக்குனா பொணம். அன்னைக்குக் கடல்ல கயிறு நின்னுச்சுங்க, எனக்குக் கையி நிக்கல."

அவர் அப்பா கிணற்றில் இறந்தது எங்களுக்கெல்லாம் தெரியும். பெண் கொடுக்கும்போதே விசாரித்ததுதான். கயிறு நின்ற கதை எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. பஸ் ஒரு லாரிக்கு வழி விட்டு நின்றது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"மொத நாளு அந்த மேஸ்திரி உங்களக் கேட்டாருங்களே, ஆளுக்கு எல்லாம் சொல்லியாச்சான்னு. நீங்க சொல்லியாச்சுன்னீங்க. எனக்கு ஒண்ணும் சொல்லலியேன்னு நெனச்சேன். அப்பறம், மச்சானே சொல்றாருன்னா சொல்றதுக்கு ஒண்ணுமில்ல போலன்னு இருந்துட்டேனுங்க."

அவர் குற்றம் சாட்டவில்லை. நடந்ததை நடந்த மாதிரி சொன்னார். என் திருப்தியெல்லாம் அந்த இடத்திலேயே போய்விட்டது. ஏனென்றால் அது உண்மை. மேஸ்திரி கேட்டார். ஒரு வாரம் பழக்காமல் புது ஆளைக் கயிற்றில் விட மாட்டேன் என்பது அவர் ஏற்பாடு. எனக்கு அடுத்த நாளே இறங்க வேண்டும், வடத்தை மாட்ட வேண்டும், குத்தகைக்காரர் வாயை அடைக்க வேண்டும். அதோடு, மாப்பிள்ளைக்கு நான் போய்ப் பாடம் நடத்துவதா என்ற கூச்சம். ஊரிலேயே பேர் பெற்ற கயிற்றாளுக்கு எதைச் சொல்லிக் கொடுப்பது, மேஸ்திரி நிறுத்து என்றால் நிறுத்துவார், அது போதும் என்று விட்டுவிட்டேன். இரண்டு நிமிஷப் பேச்சு. ஒரு இழுப்பு நலம், நாலு இழுப்பு தூக்கு. அதைச் சொல்லாதவன் நான். இத்தனை வருஷமும் நான் கோபப்பட்டபோதெல்லாம் அந்தப் பொய் எனக்கு ஞாபகம் வரவே இல்லை என்றால் நம்புவீர்களா? வந்தது. வரும்போதெல்லாம் அவர் மேல் இன்னும் கொஞ்சம் கோபம் ஏறும்.

"தப்பு என் மேலதானுங்க மாப்பிள்ளை" என்று அன்று பஸ்ஸில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஓமலூர் வந்துவிட்டது, இறங்கினோம்.

அடுத்த வாரம் அவர் கடைக்கு வந்தார். மோட்டாரோடு வந்திருந்த கெங்கவல்லிப் பக்கத்துக்காரர் ஒருவர் என் காலைப் பார்த்துவிட்டுக் கேட்டார். மாப்பிள்ளை எழுந்து நின்று, "இவரு காலக் கெடுத்தது நாந்தானுங்க" என்றார். கடலில் எப்படித் தூக்க வேண்டும், தான் எப்படித் தூக்கினார், டாக்டர் என்ன சொன்னார் என்று ஒன்று விடாமல் சொன்னார். மேஸ்திரி கேட்டதையும் நான் சொன்ன பொய்யையும் மட்டும் விட்டுவிட்டார். வந்தவர் என்னைப் பாவமாகவும் அவரை ஒரு மாதிரியாகவும் பார்த்துவிட்டுப் போனார். "அதையெல்லாம் ஏனுங்க சொல்லிட்டு" என்றேன். "இத்தன நாளு பொய்யச் சொன்னேன். அதே வாயால உண்மையச் சொல்லோணுமில்லீங்களா?" என்றார்.

சந்தையில் சொன்னார். பாவசங்கீர்த்தனத்தில் சாமியார் காதில் மட்டும் ரகசியமாகச் சொன்னது போதாதென்று, கோயில் வாசலில் நின்று சாமியாரிடம் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். என் தங்கை ஒரு மாதம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. என்னிடம் வந்து, "எனக்காகத்தானே அண்ணா இத்தனை நாள் பொறுத்துக்கிட்டே" என்று அழுதாள். அப்போதும் நான் சும்மா இருந்தேன். என்னைக் காப்பாற்றிய கதையைக் கேட்டு எரிந்த எனக்கு, என்னைக் கெடுத்த கதையைக் கேட்பது வசதியாக இருந்தது என்பதுதான் வெட்கக்கேடு.

அதோடு நின்றிருந்தால் நானும் இருந்துவிட்டிருப்பேன். கிணறு வெட்டுகிறவர்கள் காதுக்கு அது போனது. கயிற்றில் தப்புச் செய்து ஓர் ஆளை நொண்டியாக்கியவர் என்று அவரே சொல்லிக்கொள்கிறார், அவரை நம்பி யார் இறங்குவார்கள்? கயிற்றிலிருந்து எடுத்துவிட்டு, கல் கூடை சுமக்க விட்டார்கள். நாற்பது வயதைத் தாண்டிய ஆள், இளவட்டங்களோடு கல் சுமந்தார். இதைத் தங்கை சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை இரண்டு பஸ் மாறி, அயோத்தியாப்பட்டணத்துக்கு அந்தப் பக்கம் அவர்கள் வேலை செய்த தோட்டத்துக்குப் போனேன். ரோட்டிலிருந்து வரப்பு வழியாக ஒன்றரை மைல். அந்தக் காலை வைத்துக்கொண்டு வரப்பில் நடப்பது எப்படி என்று கேட்காதீர்கள். கிணற்று மேட்டில் கும்பல் தலைவர் ஒரு வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். கயிற்றில் ஒரு சின்னப் பையன் நின்றான். மாப்பிள்ளை கூடையைத் தோளில் வைத்துக்கொண்டு மேட்டில் ஏறி வந்தவர், என்னைப் பார்த்ததும் நின்றார்.

நான் சுற்றி வளைக்கவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். கடலில் கயிற்றுக்கு வேறு கணக்கு உண்டு, அதை அவருக்கு நான் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுத்துவிட்டேன் என்று மேஸ்திரியிடம் பொய் சொன்னேன். கிணற்றுக் கணக்குப்படி அவர் செய்தது சரி. என் கால் போனது என் பொய்யால். அவரை மறுபடியும் கயிற்றில் நிறுத்துங்கள்.

தலைவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, என் தோளில் கையை வைத்தார்.

"நீங்க பெரிய மனுசருங்க" என்றார். "பொண்ணு குடுத்த ஊட்டுக்காரரு, மாப்பிள்ளைக்காக இந்தக் காலோட இவ்வளவு தூரம் நடந்து வந்து பழியத் தன் மேல போட்டுக்கிறீங்க. எங்கூட்டுல பொண்ணு எடுத்திருந்தாலும் நாங்களும் இதத்தான் சொல்லியிருப்போம்."

"இல்லீங்க, நான் சொல்றது நெசமுங்க."

"நெசந்தானுங்க. ஆரு இல்லீன்னாங்க?" என்றார். சுற்றி நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். ஒருவர் எனக்கு உட்காரச் சாக்கை விரித்தார். இன்னொருவர் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தார். என்னைப் போல ஒரு மச்சான் யாருக்கு வாய்க்கும் என்று ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது காதில் விழுந்தது.

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். நீங்களாவது சொல்லுங்கள் என்று பார்த்தேன். கயிற்றில் அந்தப் பையனே நின்றிருந்தான். அவர் கூடையைக் கொட்டிவிட்டு, தலைத்துண்டை உதறிக் கட்டிக்கொண்டு, என் பக்கத்தில் வந்தார்.

"வெயில் ஏறுதுங்க மச்சான்," என்றார். "கால் வலிக்கும். பதினோரு மணி பஸ்ஸுக்குப் போயிருங்க."